கைத்தையல் கிளட்ச் பை: மடிப்பில் வெடிக்கும் ஓரம், பிரிந்து தெரியும் அடுக்குகள்

#1 | மடிப்புக்கோடு

ஒரே நீளத் துண்டில் வெட்டிய உறை வடிவ கிளட்ச். அகலம் 25 செ.மீ. முன்பக்கம் 15, பின்பக்கம் 15.5, மூடி 11. மொத்த நீளம் 41.5 செ.மீ. பக்கச்சுவர் கிடையாது, இரண்டு ஓரத்திலும் நேர்த்தையல் மட்டும். வெளித்தோல் 1.3 மி.மீ. மாட்டுத்தோல், வெஜ் டான் (தாவரப் பட்டையில் பதனிட்டது) என்று சொல்லி விற்றது. லைனிங் 0.7 மி.மீ. ஆட்டுத்தோல். ஒட்டியது ரப்பர் சொல்யூஷன். ஓரத்துக்கு 220, 400 எண் உப்புத்தாள் போட்டு, டோக்கோனோல் (ஓரத்தை மெருகேற்றும் பசை) தேய்த்து, அதன்மேல் கறுப்பு எட்ஜ் பெயின்ட் இரண்டு கோட்.

குறைகள் மூன்று. பக்க ஓரத்தில் நான்கு அடுக்கும் கோடு கோடாகத் தெரிகிறது. மூடி மடியும் இடத்தில் பெயின்ட் வெடித்து, நகம் பட்டால் ரிப்பன் மாதிரி உரிந்து வருகிறது. அதே மடிப்பின் உள்பக்கம் லைனிங் அலை அலையாகச் சுருங்கி நிற்கிறது. எந்த இடத்திலிருந்து மாற்றிக்கொண்டு வரவேண்டும்?

#2 | ஈரூசி

உரிவதற்குக் காரணம் உங்கள் பட்டியலிலேயே இருக்கிறது. டோக்கோனோல் நாரை அடைத்துப் படலம் கட்டுகிற பொருள். பெயின்ட் பிடிக்க நார் திறந்திருக்க வேண்டும். முதலில் அடைத்துவிட்டு மேலே பெயின்ட் விட்டால், அது தோலில் ஒட்டாமல் படலத்தின் மேல் மிதக்கிறது. தட்டையான இடத்தில் தாங்கும். மடிப்பில் தாங்காது.

தேய்த்து மெருகேற்றப் போகிறீர்களா, பெயின்ட் விடப் போகிறீர்களா என்பதைத் தோல் வாங்குவதற்கு முன்பே முடிவு செய்யுங்கள். பசை, உப்புத்தாள், அடிக்கும் வரிசை எல்லாம் அந்த முடிவைப் பொறுத்து மாறும்.

#3 | ஆவாரம்பட்டை

முதலில் அந்த வெளித்தோல் உண்மையிலேயே பட்டையில் பதனிட்டதா என்று பாருங்கள். கடையில் பழுப்பு நிறமாக, கொஞ்சம் விறைப்பாக இருப்பதையெல்லாம் வெஜ் என்று தள்ளிவிடுகிறார்கள்.

எளிய சோதனை: துருப்பிடித்த ஆணி இரண்டை வினிகரில் போட்டு இரண்டு நாள் வையுங்கள். அந்தத் தண்ணீரில் ஒரு சொட்டு, தோலின் சதைப்பக்கத்தில் (சொரசொரப்பான உள்பக்கம்) விடுங்கள். தாவரத் துவர்ப்பு இருந்தால் ஒரு நிமிடத்துக்குள் கருத்துவிடும். கலம்காரியில் கடுக்காய் ஏற்றிய துணிமேல் இரும்புக் கரைசல் பட்டுக் கறுப்பு வருகிறதே, அதே வினைதான்.

இதில் இன்னொரு பாடமும் உண்டு. ஈரமான வெஜ் தோல்மேல் இரும்புத்தூள் விழுந்தால் அதுவும் கரும்புள்ளியாகும். கத்தி தீட்டிய கையோடு ஓரத்தை நனைக்காதீர்கள். தீட்டும் பலகையும் தோல் வேலைப் பலகையும் வேறுவேறாக இருக்கட்டும்.

லைனிங்குக்கு நம் ஊர் ஈஸ்ட் இந்தியா தோல் கிடைத்தால் அதையே எடுங்கள். திண்டுக்கல், திருச்சி, ஈரோடு பக்கம் பதனிடுகிற ஆட்டுத்தோல். புவிசார் குறியீடு பெற்றது. ஒரு காலத்தில் ஆவாரம் பட்டையில் பதனிட்டார்கள். பிறகு வாட்டில் மரப்பட்டை வந்தது. கடைசிக் குளியலுக்குக் கடுக்காய். 0.6 முதல் 0.8 மி.மீ. வரை கிடைக்கும். வெளித்தோலோடு சேர்த்துத் தேய்த்தால் இரண்டும் ஒரே உடம்பாகும்.

#4 | கித்தான்

ஆவாரம்பட்டை அண்ணா சொன்ன ஆணிச் சோதனையில் ஒரு ஓட்டை இருக்கிறது. குரோமில், அதாவது குரோமியம் உப்பில் பதனிட்டு, பிறகு தாவரச் சாற்றில் மறுபதம் செய்த தோலும் கருக்கும். சந்தையில் அந்த வகை ஏராளம். அதனால் கொதிநீரிலும் போட்டுப் பாருங்கள். 2 செ.மீ. சதுரத் துண்டைக் கொதிக்கிற தண்ணீரில் ஒரு நிமிடம் விடுங்கள். வெஜ் தோல் 70–85 டிகிரியிலேயே சுருங்கும் என்பதால் துண்டு சுருண்டு, குட்டையாகி, ஆறியதும் கட்டை மாதிரி ஆகிவிடும். நன்றாகப் பதமான குரோம் தோல் 100 டிகிரியைத் தாங்கும். போட்ட அளவிலேயே வெளியே வரும்.

ஓரம் மெருகேறுவதும் இந்தக் குணத்தால்தான். வெஜ் தோலின் நார் ஈரத்திலும் உராய்வுச் சூட்டிலும் இளகி, அமுங்கி, காய்ந்ததும் அப்படியே இறுகி நிற்கும். குரோம் தோலுக்கு அந்தச் சூடு ஒரு பொருட்டே இல்லை. எவ்வளவு தேய்த்தாலும் விரல் எடுத்ததும் பஞ்சு மாதிரி எழுந்துவிடும். உங்கள் லைனிங் குரோமாக இருந்தால், வெளி அடுக்கு பளபளக்க, உள் அடுக்கு மட்டும் பிசிறாக நிற்கும். கோடு கோடாகத் தெரிவதில் பாதி இதனாலேயே இருக்கலாம்.

#5 | மடிப்புக்கோடு

இரண்டு சோதனையும் செய்து பார்த்தேன். வெளித்தோல் கருத்தது, கொதிநீரில் சுருண்டது. லைனிங்கும் கருத்தது, ஆனால் கொதிநீரில் அப்படியே இருக்கிறது.

#6 | கித்தான்

அப்படியானால் வெளியே வெஜ், உள்ளே மறுபதம் செய்த குரோம். அந்த லைனிங்கோடு போவதென்றால் பெயின்ட்தான் வழி. மெருகுதான் வேண்டும் என்றால் லைனிங்கை மாற்றுங்கள்.

#7 | கவராயம்

லைனிங் சுருக்கம் பசையின் குற்றமும் இல்லை, தோலின் குற்றமும் இல்லை. வெறும் அளவுக் கணக்கு.

இரண்டு அடுக்கைச் சேர்த்து மடிக்கும்போது வெளி அடுக்கு பெரிய வளைவிலும் உள் அடுக்கு சின்ன வளைவிலும் போகிறது. 180 டிகிரி மடிப்புக்கு வித்தியாசம் = 3.14 × இரண்டு அடுக்குகளின் நடுக்கோடுகளுக்கு இடையே உள்ள தூரம். உங்கள் வெளித்தோலில் பாதி 0.65, லைனிங்கில் பாதி 0.35; கூட்டினால் சரியாக 1 மி.மீ. ஆக ஒரு மடிப்புக்கு 3.14 மி.மீ. லைனிங் மிச்சம். தட்டையாக ஒட்டிவிட்டு மடித்தால் அந்த 3 மி.மீ. போக இடமில்லாமல் அலையாக எழும். சில நேரம் ஓரத்தில் பசைக்கோட்டையே பிளந்துகொண்டு வெளியே வரும். அடுக்கு பிரிந்து தெரிவதற்கு அதுவும் ஒரு காரணம்.

அதற்காக லைனிங்கை 3 மி.மீ. குறைத்து வெட்டாதீர்கள். சுற்றிலும் 5 மி.மீ. அதிகமாகவே வெட்டி, மடித்த நிலையில் ஒட்டி, பிறகு சேர்த்துச் சீவுங்கள். அடி மடிப்பும் மூடி மடிப்பும் ஒரே மாதிரி அல்ல. அடி மடிப்பு ஒருமுறை மடிந்தால் வாழ்நாள் முழுக்க அப்படியே இருக்கும், அதனால் முழு 180 டிகிரியில் வைத்து ஒட்ட வேண்டும். மூடியோ திறந்து திறந்து மூடுகிறது. முழுக்க மூடிய நிலையில் ஒட்டினால், திறக்கும்போது லைனிங் இழுத்து வெளித்தோலைச் சுருக்கும். பாதியில், 90 டிகிரியில் நிறுத்தி ஒட்டுங்கள். வித்தியாசம் 1.6 மி.மீ. அளவுக்குத்தான் வரும்; திறந்தாலும் மூடினாலும் ஆட்டுத்தோல் அதைத் தாங்கிக்கொள்ளும்.

ஒட்டும் வரிசை: முன்பக்கத்தில் தொடங்கி அடி மடிப்புக்கு 10 மி.மீ. முன்னால் நிறுத்துங்கள். மடிப்புக்குள் 4 மி.மீ. கம்பி ஒன்றை வைத்து வெளித்தோலை வளைத்து, லைனிங்கைக் கம்பியைச் சுற்றி விரலால் நீவிப் பதியுங்கள். பிறகு பின்பக்கம். மூடி மடிப்பில் ஒரு சாதாரணப் பென்சில். பைக்குள் போன் படுத்திருக்கும்போது மூடி அந்த அளவுக்காவது சுற்றி வரவேண்டும். கடைசியில் மூடி.

ஒட்டிய பிறகு துண்டை மறுபடி தட்டையாக விரித்துப் பலகையில் வைத்து அமுக்கினால் செய்ததெல்லாம் வீண். மூடியில் துளையிடும்போது மடிப்புப் பகுதியைப் பலகையின் விளிம்புக்கு வெளியே தொங்கவிடுங்கள்.

இழுவையையும் பாருங்கள். முதுகெலும்பு வாக்கில் தோல் குறைவாக இழுபடும். 41.5 செ.மீ. நீளம் அந்த வாக்கில் வரட்டும். மூடியைப் பிடித்து இழுக்க இழுக்க பை நீளாமல் இருக்கும். வயிற்றுப் பகுதி வேண்டவே வேண்டாம். நார் தளர்ந்து கிடக்கும், எவ்வளவு தேய்த்தாலும் ஓரம் வாய் பிளந்தே நிற்கும். எருமைத்தோலிலும் இதே தொல்லை வரும், நார் பருமன் அப்படி.

துண்டின் பரப்பு ஏறக்குறைய 1,040 ச.செ.மீ., அதாவது 1.1 சதுர அடி. சேதாரம், சோதனைத் துண்டு எல்லாம் சேர்த்து வெளித்தோலும் லைனிங்கும் தலா 2 சதுர அடி வைத்துக்கொள்ளுங்கள். சென்னைப் பெரியமேட்டுத் தோல் கடைகளில் முழுத்தோலாக எடுக்கிறவர்கள் பின்பக்கம் எழுதியிருக்கிற எண்ணைப் பார்க்கவும்: 12 என்று எழுதி அதன் தலைமேல் சின்னதாக 3 இருந்தால் 12¾ சதுர அடி. அந்தச் சின்ன எண் கால் அடிக் கணக்கு.

#8 | மடிப்புக்கோடு

கவராயம் சார், 90 டிகிரி விஷயம் யோசித்தே பார்த்திராதது. மிக்க நன்றி. பசை எது போடலாம்? ரப்பர் சொல்யூஷன் போட்ட இடம் உப்புத்தாளில் உருண்டை உருண்டையாக வருகிறது.

#9 | ஈரூசி

ரப்பர் பசை காய்ந்தாலும் ரப்பர்தான். உப்புத்தாள் அதை அறுக்காது, உருட்டும். அந்த உருண்டை பிய்ந்து வந்த இடத்தில் மெல்லிய பள்ளம் விழும். பெயின்ட் அந்தப் பள்ளத்தில் இறங்கிக் கோடாகத் தெரியும். தடிமனாகப் பூசினாலும் சரி, கரைப்பான் முழுக்கப் பறக்குமுன் ஒட்டினாலும் சரி, இதே கதிதான்.

நடுப்பகுதிக்கும் மடிப்புக்கும் ரப்பர் பசையே போடலாம், வளைந்து கொடுக்கும். சுற்றிலும் ஓரத்து 6 மி.மீ. மட்டும் வெள்ளைப் பசை அல்லது தண்ணீர் வகை கான்டாக்ட் பசை. வெள்ளைப் பசை காய்ந்தால் கெட்டியாகும், தோலோடு சேர்ந்து சீராகத் தேயும். மடிப்பின் ஓரத்தில் அதே கெட்டித்தனம் உடையும், அங்கே மட்டும் தண்ணீர் வகை கான்டாக்ட் பசை போடுங்கள். எதுவானாலும் இரண்டு பக்கமும் மெல்லிசாக, அட்டைத் துண்டால் இழுத்துப் பூசுங்கள். ஒட்டி 24 மணி நேரம் ஆகாமல் உப்புத்தாளைத் தொடாதீர்கள். ரப்பர் சொல்யூஷன் எடுக்கும்போது ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

ஓரத்தில் நான்கு அடுக்கு, 1.3 + 0.7 + 0.7 + 1.3, மொத்தம் 4 மி.மீ. இந்த அளவுப் பைக்கு அது தடிமன்தான். லைனிங்கின் ஓரத்து 8 மி.மீ.யை 0.4க்கு ஸ்கைவிங் செய்தால், அதாவது சீவி மெலித்தால், 3.4 ஆகும். வெளித்தோலில் கை வைக்காதீர்கள்.

இதை யாரும் சொல்லவில்லை, அதனால் அழுத்திச் சொல்கிறேன்: முன்பக்கத்தின் மேல்விளிம்பை, அதாவது பையின் வாயை, பக்கத்தையல் போடுவதற்கு முன்பே முழுக்க முடித்துவிடுங்கள். சீவி, தேய்த்து, பெயின்டோ மெருகோ கடைசிக் கோட் வரைக்கும். தையல் போட்ட பிறகு அந்த இரண்டு மூலையிலும் கருவி நுழையாது. காந்தப் பட்டனும் அப்படித்தான், லைனிங் ஒட்டுமுன் வைக்க வேண்டும். 14 மி.மீ. போதும். மூடியின் விளிம்பிலிருந்து பட்டன் மையம் 25 மி.மீ. உள்ளே. முன்பக்க இடத்தைக் குறிக்க, ஒரு போனை உள்ளே வைத்துப் பையை வெறுமனே மடித்து, மூடி தானாக எங்கே விழுகிறதோ அங்கே அழுத்திக் குறியுங்கள். தாளில் வரைந்த அளவை நம்பினால் மூடி இழுத்துப் பிடித்தாற்போல் நிற்கும். பட்டனின் கால்களை மடித்த பிறகு 0.5 மி.மீ. துண்டு ஒன்றை ஓரம் சீவி மேலே ஒட்டவும், இல்லாவிட்டால் லைனிங்கில் மேடு தெரியும்.

பக்கங்களை ஒட்டிய பிறகு 2 மி.மீ. மிச்சத்தை நான்கு அடுக்கோடு சேர்த்துச் சீவுங்கள். புது பிளேடு, இரும்பு ஸ்கேல், மூன்று இழுப்பு. ஒரே இழுப்பில் அறுக்கப் பார்த்தால் பிளேடு சாய்ந்து அடி அடுக்கு அரை மி.மீ. வெளியே நிற்கும். மூடியின் மூலைக்குப் பத்து ரூபாய் நாணயத்தை வைத்து வரையலாம். விட்டம் 27 மி.மீ., ஆரம் 13.5 வரும். வளைவைக் கத்தியால் ஒரே வீச்சில் வெட்டாமல் சின்னச் சின்ன நேர்வெட்டாக வெட்டி, மிச்சத்தை உப்புத்தாளுக்கு விடுங்கள்.

சீவி, 220 தாள் ஒருமுறை ஓட்டியபின் கவராயக் கருவியை 3.5 மி.மீ. வைத்துத் தையல் கோடு போடுங்கள். முன்பே போட்டுவிட்டால், ஓரத்தைத் தேய்க்கத் தேய்க்க கோடு ஒரு பக்கம் நெருங்கி ஒரு பக்கம் விலகித் தெரியும். துளை உளி 3.85 மி.மீ. இடைவெளி, நூல் 0.6 மி.மீ. 15 செ.மீ. பக்கத்துக்கு 39 துளை. நூல், நீளத்தைப் போல் நான்கு மடங்கு, ஊசிக்கோர்ப்புக்கு 30 செ.மீ.; ஆக 90 செ.மீ. உளி செங்குத்தாக இறங்காவிட்டால் பின்பக்கத்துத் துளைகள் ஓரத்தை நோக்கி ஓடும். நான்கு அடுக்கையும் ஒரே அடியில் துளைக்காமல் பாதிவரை உளி, மீதிக்குக் குத்தூசி என்று போனால் பின்பக்கமும் நேராக இருக்கும். வாயின் மூலையில் ஓரத்தைச் சுற்றி நூலை இரண்டு முறை போடுங்கள். பையின் இழுவை மொத்தமும் அங்கேதான் விழுகிறது.

#10 | தூரிகை

பெயின்ட் விடுவதாக இருந்தால் சில விஷயங்கள்.

பாட்டிலைக் குலுக்கக்கூடாது. குலுக்கினால் நுரைக்குமிழி உள்ளே போய், காயும்போது ஊசிக்கண் மாதிரி துளைகளாக வெடிக்கும். குச்சியால் மெதுவாகக் கலக்குங்கள். பதம் தேன் மாதிரி. முதல் கோட்டுக்கு மட்டும் 10 பங்கு பெயின்டுக்கு 1 பங்கு தண்ணீர் சேர்த்து இளக்கி, நாருக்குள் இறங்கவிடுங்கள். பிரைமர் வைத்திருந்தால் அதுவே நல்லது.

பெயின்டுக்கு முன்னால் ஓரம் 220, 320, 400 என்று போயிருக்க வேண்டும். 400க்கு மேல் போனால் வழுவழுப்பாகிப் பிடிமானம் குறையும். தாளைத் தட்டையான மரச்சட்டத்தில் ஒட்டித் தேய்க்கவும். விரலில் சுற்றித் தேய்த்தால் மெத்தென்ற லைனிங் அடுக்கு மட்டும் குழிந்துபோகும். தூசியை ஈரமில்லாத பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். லைனிங் குரோம் என்பதால் தேய்க்கும்போது முகத்தில் மாஸ்க் அவசியம்.

குத்தூசியின் முனையில் ஒரு துளி எடுத்து ஓரத்தின் நடுவில் தொட்டு இழுங்கள். ஊசி தோலைத் தொடக்கூடாது, துளிதான் தொட வேண்டும். துளி தானாகப் பரவி இரண்டு விளிம்பும் வந்ததும் நின்று, மேலே லேசாகக் குவிந்து நிற்கும். அதிகமானால் விளிம்பைத் தாண்டி முகப்பக்கத்துக்கு வழியும். வழிந்ததை ஈரத்தில் துடைத்தால் இன்னும் பரவும்; காயவிட்டு நகத்தால் சுரண்டி எடுப்பதே மேல். விளிம்பை ஒட்டி முகப்பக்கத்தில் சூடான கோட்டுக்கருவியால் ஒரு கோடு அழுத்திவிட்டால் அந்த வாய்க்கால் பெயின்டைத் தடுத்து நிறுத்தும்.

ஒரு கோட் பெயின்டுக்கும் அடுத்ததற்கும் இடையே ஒரு மணி நேரம். ஐப்பசி மழையில் இரண்டு, மூன்று மணி நேரம்கூட ஆகும். ஹேர் டிரையர் காட்டாதீர்கள். மேலே தோல் கட்டி உள்ளே ஈரம் நின்றுவிடும், மறுநாள் அமுக்கினால் உள்வாங்கும். மின்விசிறி போதும். இரண்டாவது கோட் காய்ந்ததும் 400 தாளால் சமம் செய்தால் அடுக்குக் கோடுகள் எங்கே பள்ளமாக இருக்கின்றன என்று பளிச்சென்று தெரியும்: மேடான இடம் மங்கும், பள்ளம் மட்டும் பளபளக்கும். அந்தப் பள்ளங்களில் மட்டும் பெயின்ட் வைத்து நிரப்பி, காய்ந்ததும் மறுபடி 400. பளபளப்பு எங்கும் மிஞ்சாமல் ஓரம் முழுக்க ஒரே மங்கலாகும் வரை இதைச் செய்யுங்கள். பிறகு 600, பிறகு கடைசிக் கோட். கடைசிக் கோட்டைத் தேய்க்கக் கூடாது.

உங்கள் இரண்டு கோட் பள்ளத்தை நிரப்பவே காணாது. நான்கு, ஐந்து ஆகும்.

சூட்டுக் கருவி இருந்தால் ஒவ்வொரு கோட்டும் காய்ந்த பிறகு ஒருமுறை ஓட்டுங்கள், படலம் இளகி நாரோடு பிணையும். அளவு தெரிய: கருவி முனையை ஈர ஸ்பாஞ்சில் தொடுங்கள். சுர்ரென்றால் 100 டிகிரி தாண்டிவிட்டது, வெஜ் தோல் கருகிச் சுருங்கும். ஆறவிட்டுத் தொடங்கவும்.

மூடி மடிப்பில் வெடிப்பது இரண்டு காரணத்தால். ஒன்று, அடியில் டோக்கோனோல். அதை ஈரூசி சொல்லிவிட்டார். இன்னொன்று, தட்டையாக வைத்துப் பெயின்ட் விட்டுக் காயவைத்தது. மூடியை 90 டிகிரியில், பென்சிலைச் சுற்றி நிறுத்தி, அந்த நிலையிலேயே பெயின்ட் விட்டு, அந்த நிலையிலேயே காயவையுங்கள். கவராயம் லைனிங்குக்குச் சொன்ன அதே நியாயம்தான். மடிப்பு இடத்தில் கோட்டின் எண்ணிக்கையைக் குறைத்து மூன்றோடு நிறுத்துங்கள்; படலம் தடிக்கத் தடிக்க வளைவில் வெடிக்கும்.

முடிந்ததும் இரண்டு மூன்று நாள் பையைத் திறந்தே வையுங்கள். உடனே மூடி அட்டைப் பெட்டியில் போட்டால், புழுக்கத்தில் பெயின்டும் பெயின்டும் ஒட்டிக்கொண்டு, பிரிக்கும்போது ஒரு பக்கத்தோடு போய்விடும்.

#11 | ஆவாரம்பட்டை

தூரிகை சொன்னது அத்தனையும் சரி. ஆனாலும் கிளட்ச் மாதிரி எந்நேரமும் கையில் புழங்குகிற பைக்குப் பெயின்ட் எனக்கு மனம் ஒப்பவில்லை. பெயின்ட் ஓரம் முதல் நாள் அழகாக இருக்கும், ஒருமுறை சிதைந்தால் முழுக்க உரித்துத்தான் திரும்பப் போட வேண்டும். மெருகு ஓரம் தேய்ந்தால் கொஞ்சம் மெழுகும் ஒரு துண்டு ஜீன்ஸ் துணியும் போதும், பையை வைத்திருப்பவரே சரிசெய்துகொள்வார். லைனிங்கை மாற்றச் சொல்கிறேன்.

#12 | தூரிகை

அண்ணா, வெளிர்நிறத் தோலிலும் பளிச்சென்ற நிற ஓரம் கேட்கிறவர்களிடமும் மெருகு எடுபடாது. மழைக்கும் வியர்வைக்கும் மெருகு ஓரம் திரும்பத் திரும்ப நார் எழும். ஆனால் அவர் கேட்கிற கறுப்பு ஓரத்துக்கு, இரண்டு அடுக்கும் வெஜ்ஜாக இருந்தால், உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. மடிப்பில் வெடிக்கிற தொல்லையே இல்லை.

#13 | கித்தான்

மெருகுக்கு வரிசை தவறினால் சரிசெய்யவே முடியாது, அதனால் முழுதாக எழுதுகிறேன்.

சீவுகருவியால் முகப்பக்க முனையையும் லைனிங் பக்க முனையையும் எடுக்கவும். இந்தத் தடிமனுக்கு 0.8 மி.மீ. கருவி. தள்ளும்போது தோலை விரலால் பிடித்து இழுத்துக்கொள்ளுங்கள்; ஆட்டுத்தோல் மெல்லிசு, தளர்வாக இருந்தால் கடித்துக்கொண்டு போகும். முனை எடுக்காமல் தேய்த்தால் ஓரம் இருபுறமும் காளான் குடை மாதிரி விரியும். தண்ணீர் அதிகமானாலும் அதே குடை வரும்.

220, 400, 600. பிறகு சாயம். சாயம் இப்போதுதான், டோக்கோனோலோ மெழுகோ பட்ட பிறகு இறங்காது, திட்டுத் திட்டாக நிற்கும். பஞ்சுக்குச்சியில் தொட்டு, அநேகமாகக் காய்ந்த நிலையில் வையுங்கள், சொட்டச் சொட்ட வைத்தால் முகப்பக்கத்தின் கீழே 2 மி.மீ. வரை ஊறிப்போகும். நன்றாகக் காயவிடவும்.

டோக்கோனோலை விரல்நுனியில் மெல்லிசாக. உடனே தேய்க்காதீர்கள். ஈரப் பளபளப்பு போய், தொட்டால் லேசாகப் பிசுக்கும் கட்டம் ஒன்று வரும். அரை நிமிடத்திலிருந்து ஒரு நிமிடம். அப்போது கித்தான் துணியை மரக்கட்டையில் சுற்றி வேகமாகத் தேய்க்க வேண்டும். பலத்தைவிட வேகம் முக்கியம். முதலில் துணி இழுத்துப் பிடிக்கும், பத்துப் பன்னிரண்டு இழுப்பில் சட்டென்று வழுக்க ஆரம்பிக்கும். அந்த வழுக்கல் வந்த இடத்தில் நிறுத்துங்கள். அதற்கு மேலும் தேய்த்தால் சூடேறி ஓரம் கருகும். கறுப்பில் தெரியாது என்று விட்டுவிடாதீர்கள், கருகிய நார் உடையும். முகப்பக்கத்தில் டோக்கோனோல் வழிந்தால் அந்த நொடியே ஈரத்துணியால் துடைக்கவும், காய்ந்தால் கரும்பட்டையாக நிலைத்துவிடும்.

காய்ந்ததும் விரலை ஓட்டினால் நார் மறுபடி எழுந்திருக்கும். எழத்தான் செய்யும். 600 தாளால் லேசாக எடுத்துவிட்டு மறுபடி டோக்கோனோல், மறுபடி துணி. மூன்று அல்லது நான்கு சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் எழுகிற நார் குறைந்துகொண்டே வரும். விளக்குக்கு எதிரே ஓரத்தைச் சாய்த்துப் பாருங்கள்: இரண்டாம் சுற்றில்கூட அடுக்குகளுக்கு இடையே முடியளவு நிழல் தெரியும். மூன்றாவதில் ஒளிக்கோடு உடையாமல் ஒரே கோடாக ஓட வேண்டும். ஓடாவிட்டால் அது மெருகின் குறை இல்லை, அந்த இடத்தில் பசை பிரிந்திருக்கிறது. குத்தூசியால் திறந்து, பசை விட்டு, கிளிப் போட்டுக் காயவைத்து, 220இலிருந்து திரும்ப வாருங்கள்.

கடைசியில் தேன்மெழுகுக் கட்டியை ஓரத்தில் ஒருமுறை இழுத்து, துணியால் சூடேறத் தேய்க்கவும். 62 டிகிரிக்குக் கொஞ்சம் மேலே மெழுகு உருகி நாருக்குள் இறங்கிவிடும்.

#14 | மடிப்புக்கோடு

மூன்று சோதனைத் துண்டு, ஒவ்வொன்றும் 10 செ.மீ., நான்கு அடுக்கு. பழைய லைனிங்கோடு தூரிகை சொன்ன முறையில் பெயின்ட். பழைய லைனிங்கோடு மெருகு. வெஜ் ஆட்டுத்தோலோடு மெருகு. நூறு முறை மடித்து விரித்ததில் பெயின்ட் துண்டில் வெடிப்பு இல்லை. இரண்டாவது துண்டில் லைனிங் அடுக்கு மட்டும் பிசிறு. மூன்றாவதில் அடுக்கு எங்கே என்றே தெரியவில்லை. பைக்கு மூன்றாவதையே எடுக்கிறேன்.

ஒரு சந்தேகம்: வாய் முடிகிற மூலையில் நான்கு அடுக்கு இரண்டாகக் குறைகிற இடத்தில் படி விழுகிறதே, அதை எப்படித் தேய்ப்பது?

#15 | ஈரூசி

முன்பக்கத்தின் அந்த இரண்டு மூலையையும் ஒட்டுமுன் கடைசி 6 மி.மீ. சதைப்பக்கம் சரிவாகச் சீவிவிடுங்கள், படி சரிவாகிவிடும். நூலின் இரட்டைச் சுற்று அந்தச் சரிவுக்கு 2 மி.மீ. கீழே வரட்டும். மெருகேற்றுவது தையலுக்குப் பிறகு, மரக்கட்டையின் முனையில் ஒற்றை அடுக்குத் துணி சுற்றி, மேலிருந்து கீழாக ஒரே திசையில். முன்னும் பின்னும் தேய்த்தால் துணி நூலில் மாட்டிப் பிசிறு கிளப்பும்.

#16 | கித்தான்

அந்த மூலைக்கு டோக்கோனோலைக் குத்தூசி முனையில் எடுத்து வையுங்கள். விரலில் எடுத்தால் முன்பே முடித்த வாய் விளிம்பிலும் பட்டுவிடும். மெழுகு ஏறிய இடத்தில் டோக்கோனோல் விழுந்தால் வெள்ளையாகப் பூத்து நிற்கும்.

#17 | மடிப்புக்கோடு

சரி அண்ணா. வெளித்தோல் வெட்டியாகிவிட்டது. லைனிங் ஓரம் 0.4க்கு இறக்கிக்கொண்டிருக்கிறேன்.